புதிய வாசற்கதவு மூடச் சிரமப்பட்டால்: இழைப்புளிக்கு முன் பார்க்க வேண்டியவை

புதிதாகப் பொருத்திய வாசற்கதவு தோளால் தள்ளினால்தான் மூடுகிறது என்றால், பெரும்பாலானோர் முதலில் சந்தேகிப்பது மரத்தைத்தான். “மழையில் ஊறிவிட்டது, கொஞ்சம் இழைத்தால் சரியாகிவிடும்” என்பது கதவு பொருத்த வருபவர்களும் எளிதாகச் சொல்லிவிடும் பதில். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பொருத்திய சில நாள்களுக்குள்ளேயே சிக்கும் கதவில் குறை பெரும்பாலும் கீலிலோ, நிலைச்சட்டத்திலோ, பூட்டு நாக்கு நுழையும் தகட்டிலோ, கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசரிலோ இருக்கும். இவற்றுள் எதைச் சரிசெய்யவும் கதவை இழைக்க வேண்டியதில்லை. கீலைத் தளர்த்தினால் மறுபடி முடுக்கிக்கொள்ளலாம், தகட்டை நகர்த்தினால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம், இழைத்த மரத்தை மட்டும் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைகளை முதலிலும் வெட்டும் வேலையைக் கடைசியிலும் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் புதிதாக வீடு வாங்கி அல்லது கதவு மாற்றி, கையில் ஒரு திருப்புளியுடன் வாசலில் நின்று யோசிப்பவர்களுக்கு இது போதுமானதாக இருக்கும்.

முதலில், அது எந்தக் கதவு?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் மாடிப்படிக்கோ மின்தூக்கிக் கூடத்துக்கோ அருகே உள்ள பல வீடுகளின் வாசற்கதவு, அரைமணி நேரம் தீயைத் தாங்கும்படி சோதித்துச் சான்றளிக்கப்பட்ட தீத்தடுப்புக் கதவாக இருக்கும். கதவின் விளிம்பில் ஒட்டியோ அறைந்தோ இருக்கும் சான்றுத் தகட்டைக் கொண்டு அதை அறிந்துகொள்ளலாம். அத்தகைய கதவை மாற்றினால் மீண்டும் தீத்தடுப்புக் கதவையே பொருத்த வேண்டும்; அது கைவிட்டதும் தானாக மூடிக்கொள்ளவும் வேண்டும். கதவின் விளிம்பிலோ நிலையிலோ உள்ள பள்ளத்தில், வெப்பம் பட்டால் வீங்கி இடைவெளியை அடைக்கும் பட்டை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். விளிம்பை இழைப்பதும், புதிய துளை இடுவதும், பூட்டு பதிக்க மேலும் குடைவதும் இந்தச் சான்றையே குலைத்துவிடும். ஆகவே தீத்தடுப்புக் கதவு உள்ளவர்கள் கீழே சொல்லப்படும் சோதனைகளைச் செய்யலாம், தளர்ந்த திருகாணியை முடுக்கலாம், குளோசரின் வேகத்தை மாற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கதவை விற்றவரையே அழைக்க வேண்டும்.

வீவகவிடமிருந்து புதிதாகச் சாவி பெற்ற வீட்டில், கட்டுமானத்தோடு வந்த கதவே சிக்குகிறது என்றால், திருப்புளியை எடுக்காமலிருப்பதே நல்லது. சாவி பெற்ற நாளிலிருந்து ஓராண்டு குறைநீக்கக் காலம் உண்டு. அதற்குள் வட்டாரத்தில் இயங்கும் கட்டட சேவை நிலையத்தில் தெரிவித்தால் ஒப்பந்ததாரர் வந்து சரிசெய்வார். புதிய கொண்டோமினிய வீடுகளுக்கும் இதுபோன்ற ஓராண்டுக் காலம் உண்டு. நீங்களே ஒருமுறை இழைத்துவிட்டால், பழைய குறை எது, புதிய குறை எது என்று வாதிட வேண்டிய நிலை வரும்.

எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடித்தல்

இந்தப் பகுதிக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். பழுதுபார்ப்பின் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

கதவு மூடச் சிரமப்படுவது மூன்று விதமாக இருக்கும். ஒன்று, விளிம்பு எங்கோ உரசுகிறது. கை அந்த உரசலை உணரும், காதுக்கும் கேட்கும். இரண்டு, எங்கும் உரசாமல் வந்து, கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் சுருள்கம்பி வைத்ததுபோல் பின்னுக்குத் தள்ளுகிறது. மூன்று, கதவு நிலையில் சென்று அமர்ந்துவிடுகிறது, ஆனால் பூட்டு நாக்கு விழவில்லை. உரசலுக்குக் காரணம் கதவு சாய்ந்திருப்பது, நிலை கோணலாக இருப்பது அல்லது மரம் ஊறியது. பின்னுக்குத் தள்ளினால் கீல் ஏறக்குறைய உறுதி. சில வேளைகளில் அடைப்புப் பட்டையோ வீட்டுக்குள் சிக்கிய காற்றோ அப்படித் தள்ளும். நாக்கு விழாவிட்டால் தகட்டையும் குளோசரையும் பார்க்க வேண்டும். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் இழைப்புளியைத் தூக்குவதால்தான் நல்ல கதவுகள் வீணாகின்றன.

முதல் சோதனைக்குச் சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயம் போதும். இப்போது புழக்கத்தில் உள்ள இருநிற ஒரு வெள்ளி நாணயத்தின் தடிமன் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. கதவுக்கும் நிலைக்கும் இடையே மேலும் இருபுறமும் ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி இருப்பது நல்ல அளவு என்பதால், கதவை மூடியோ முடிந்தவரை மூடிப் பிடித்தோ நாணயத்தைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். நாணயம் நுழையாத இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். தாராளமாக ஆடும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரு மூலையில் இடைவெளி கூடியிருந்தால்தான் எதிர்மூலையில் அது குறைந்திருக்கும். பிறகு ஒரு தாள்துண்டைக் கதவுக்கும், மூடும்போது அது வந்து அமரும் நிலையின் உட்படிக்கும் நடுவே பல இடங்களில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கீல் பக்கத்தில் தாள் இறுகி, பூட்டுப் பக்கத்தில் எளிதாக உருவி வந்தால், கதவு முழுதும் மூடுவதற்கு முன்பே கீல் பக்கம் முட்டிக்கொள்கிறது என்று பொருள்.

அடுத்தது காற்று. உயரமான மாடிகளில் சமையலறைச் சன்னல் திறந்திருந்தால் வீட்டின் ஊடே வீசும் காற்றே கதவைப் பிடித்து நிறுத்தும். அதற்கு மாறாக எல்லாச் சன்னல்களையும் அடைத்துக் குளிரூட்டி ஓடும்போது, சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்த புதிய கதவு உள்ளே இருக்கும் காற்றை அழுத்திக்கொண்டு மூட வேண்டியிருக்கும். எனவே எல்லாச் சன்னல்களையும் மூடி ஒரு முறையும், ஒரு சன்னலை மட்டும் சற்றே திறந்து மறுமுறையும் சோதியுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் மரத்தின்மேல் பழி போட வேண்டாம்.

வெளியே இரும்புக் கதவும் உண்டு என்றால், அதைத் திறந்து வைத்தும் மூடி வைத்தும் பாருங்கள். அதை மூடும்போது மட்டும் சிரமம் என்றால் இரண்டு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றையொன்று இடிக்கின்றன. தள்ளி இழுக்கும் கைப்பிடி கொண்ட மின்னியல் பூட்டுகள் முன்பக்கம் நன்றாகத் துருத்திக்கொண்டிருப்பதால் இங்கே இது மிகச் சாதாரணமாக நேர்கிறது. பூட்டை வாங்கும் முன்பே இரு கதவுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்திருந்தால் வராத தொல்லை இது. வந்த பின் இரும்புக் கதவின் பூட்டை மாற்றுவதோ கீல்களைச் சற்று வெளியே நகர்த்திப் பற்றவைப்பதோதான் வழி.

கடைசியாக, நிலையின் மேற்கட்டையை நிமிர்ந்து பாருங்கள். மாவிலைத் தோரணத்துக்காக அடித்த ஆணி, பிளாஸ்டிக் தோரணத்தின் தடித்த பட்டை, தீபாவளிக்குத் தொங்கவிட்ட விளக்குச் சரத்தின் கம்பி ஆகியவை மேல் இடைவெளியில் சிக்கிக் கதவைத் தடுப்பதை, கதவு பொருத்துபவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. ஒட்டும் கொக்கியை நிலையின் வெளிமுகத்தில் ஒட்டித் தோரணத்தை அதில் மாட்டினால் கதவுக்கும் நிம்மதி, வாசலுக்கும் அழகு.

கீல்கள்

வாசற்கதவு கனமானது. அந்தக் கனத்தில் பெரும்பகுதி மேல் கீலை வெளியே இழுக்கிறது. மேல் கீலின் திருகாணிகள் சிறிது தளர்ந்தாலும் கதவு பூட்டுப் பக்கமாகச் சாயும். பூட்டுப் பக்க விளிம்பின் மேற்பகுதி நிலையில் உரசும், அதே பக்கத்தின் கீழ்மூலை தரையைத் தொடும். ஆகவே உரசல் அந்த இடங்களில் இருந்தால் முதலில் கதவின் அடியில் ஒரு ஆப்பை வைத்துக் கனத்தைத் தாங்கச் செய்து, எல்லாக் கீல்களின் திருகாணிகளையும் கையால் முடுக்குங்கள். மின்சாரத் திருப்புளி வேண்டாம். அது திருகாணியின் தலையையும் மரத்தில் உள்ள புரியையும் ஒருங்கே கெடுத்துவிடும்.

திருகாணி முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை பெரிதாகிவிட்டது. சாதாரண மரக்கதவிலும் மரநிலையிலும், திருகாணியைக் கழற்றி, பசை தடவிய சாத்தே குச்சிகளை (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சிகளை)த் துளையில் இறுக்கமாக அடைத்து, பசை காய்ந்த பின் விளிம்போடு வெட்டிவிட்டு, மெல்லிய துளையிட்டு மீண்டும் முடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு திருகாணி மட்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் கதவு உங்கள் மேலேயே விழும்.

இணையக் காணொளிகளில் பலரும் மேல் கீலில் மூன்று அங்குலத் திருகாணியை ஏற்றினால் சாய்ந்த கதவு நிமிர்ந்துவிடும் என்று காட்டுவார்கள். அது அமெரிக்க வீடுகளுக்குப் பொருந்தும், ஏனெனில் அங்கே நிலைக்குப் பின்னால் மரத்தூண் நிற்கிறது. இங்கே பின்னால் இருப்பது கான்கிரீட்டோ செங்கல்லோதான். வெறும் மரத்திருகாணி அதில் பிடிக்காது; சுவரைத் துளைத்து, பிளாஸ்டிக் உறையோடு வரும் நீண்ட சட்டத் திருகாணியைத்தான் பயன்படுத்த வேண்டும். சில வீடுகளில் வாசல் நிலைக்கு அடுத்த சுவரே வீட்டுப் பாதுகாப்பறையின் சுவராக இருக்கும். அதைத் துளைக்கத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளதால் அங்கே இந்த வேலையில் இறங்க வேண்டாம். நிலை எஃகாக இருந்தால் கீல்கள் புரியிட்ட துளைகளில் முடுக்கப்பட்டிருக்கும். அங்கே சாத்தே குச்சிக்கு வேலையில்லை, புரி தேய்ந்திருந்தால் பொருத்தியவரை அழைக்க வேண்டியதுதான்.

முடுக்கிய பிறகும் சாய்வு மீதமிருந்தால், கீலுக்கு அடியில் சக்கை வைக்கலாம். கீழ்க் கீலின் தகட்டைத் தளர்த்தி அதற்குப் பின்னால், அதே அளவில் வெட்டிய மெல்லிய அட்டையையோ பிளாஸ்டிக் தகட்டையோ செருகி முடுக்கினால், கதவின் அடிப்பகுதி பூட்டுப் பக்கம் தள்ளப்பட்டு, மேற்பகுதி நிலையிலிருந்து விலகி, தரையில் உரசிய மூலையும் சிறிது உயரும். கதவு எதிர்ப்புறம் சாய்ந்து, பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை மேற்கட்டையில் முட்டினால், சக்கையை மேல் கீலுக்கு வையுங்கள். கீலில் அரை மி.மீ. வைத்தாலே பூட்டுப் பக்கம் நன்றாகத் தெரியும் மாற்றம் வரும் என்பதால், ஒவ்வோர் அட்டையாகச் செருகி ஒவ்வொரு முறையும் நாணயத்தை ஓட்டிப் பாருங்கள்.

பின்னுக்குத் தள்ளும் கதவுக்கு மருந்தும் இதே சக்கைதான். கீல் தகட்டுக்கான பள்ளத்தைப் பொருத்தியவர் தேவைக்கு மேல் ஆழமாகக் குடைந்திருந்தால், கதவின் கீல் பக்க விளிம்பு நிலையில் முன்கூட்டியே முட்டும். மேலும் தள்ளினால் கீலே வளையும், திருகாணிகள் நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும். எல்லாக் கீல்களுக்கும் சம தடிமனில் சக்கை வைத்தால் முட்டல் நிற்கும். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: கோணலாக ஏற்றிய திருகாணியின் தலை துருத்திக்கொண்டிருந்தால் கீலின் இரு தகடுகளும் ஒன்றோடொன்று படியாமல் போகும். சில நேரம் ஒரு திருகாணியை நேராக ஏற்றுவதோடு முழுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

கீல் கிரீச்சிட்டால் சமையலறையிலிருந்து நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ கொண்டுவந்து விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது தூசியோடு கலந்து பிசினாகி, நாளடைவில் கீலை இன்னும் இறுக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிக்கான் தெளிப்பானே போதும்.

நிலை கோணலாக இருந்தால்

ரசமட்டத்தைக் கீல் பக்க நிலைக்கட்டையில் இரண்டு முகங்களிலும் வைத்துப் பாருங்கள். மட்டம் இல்லாதவர்கள் ஒரு நூலில் கனமான சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டால் அதுவே தூக்குக்குண்டு. இரு நிலைக்கட்டைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் முறுக்கியிருந்தால், கதவின் மேல்மூலை நிலையின் உட்படியில் அமரும்போது கீழ்மூலை விலகி நிற்கும். சக்கை இதைச் சிறிதளவு மறைக்குமே தவிரத் தீர்க்காது. நிலையைக் கழற்றி மறுபடி நிறுத்துவது புதியவர் செய்யும் வேலை அன்று. கட்டணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் கண்டுபிடித்துப் பொருத்தியவரிடமே விட வேண்டிய குறை அது.

பூட்டு நாக்கும் தகடும்

நாக்கின் முனையில் சுண்ணக்கட்டியையோ சிறிது ஈர விபூதியையோ தடவிக் கதவை மூடித் திறந்தால், தகட்டில் அது எங்கே படுகிறது என்று தெரியும். தடம் துளைக்கு மேலோ கீழோ இருந்தால் கதவு சாய்ந்திருக்கிறது. மீண்டும் கீலுக்குத் திரும்புங்கள். பக்கவாட்டில் ஓரிரு மி.மீ. தவறியிருந்தால், தகட்டின் துளையை அரத்தால் ராவலாம். அதற்கு மேல் என்றால் தகட்டைக் கழற்றி நகர்த்த வேண்டும்.

மின்னியல் பூட்டில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. பூட்டும் தண்டு முழு நீளமும் வெளியே வர நிலையில் போதிய ஆழம் இல்லாவிட்டால், மோட்டார் தடுமாறி எச்சரிக்கை ஒலி எழுப்பும். கதவு சரியாக மூடவில்லை என்று நாம் நினைப்போம். உண்மையில் துளைக்குள் சிமெண்டுத் துகளோ மரத்தூளோ அடைத்திருக்கும். ஒரு குச்சியால் ஆழத்தை அளந்து தண்டின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய ரப்பர் அடைப்புப் பட்டை தடிமனாக இருந்தாலும் தண்டு துளைக்கு நேராக வராது. பட்டை சில வாரங்களில் அழுந்திப் பழகிவிடும் என்பதால், மற்ற எல்லாம் சரியாக இருந்தால் இதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

டோர் குளோசர்

கதவை ஓர் அங்குலம் திறந்து விடுங்கள், பிறகு ஓரடி, பிறகு முழுவதும். முழுவதும் திறந்து விடும்போது மூடி, ஓர் அங்குலத்திலிருந்து விடும்போது மூடாவிட்டால் கடைசிக் கட்ட வேகமோ சுருள்வில்லின் வலிமையோ போதவில்லை. பெரும்பாலான குளோசர்களின் பக்கவாட்டில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும்: ஒன்று பெரும்பாலான தூரத்தில் கதவு வரும் வேகத்துக்கு, மற்றொன்று நாக்கு விழும் கடைசிச் சில பாகைகளுக்கு. கடிகாரம் சுற்றும் திசையில் முடுக்கினால் வேகம் குறையும், எதிர்த்திசையில் தளர்த்தினால் கூடும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் திருப்பாதீர்கள், எந்த நிலையிலும் திருகை முழுதாகக் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் வெளியேறிவிட்டால் குளோசர் குப்பைக்குத்தான். குளோசரின் உடலில் எண்ணெய்க் கசிவு ஏற்கனவே தெரிந்தாலும் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சாமான் தூக்கிக்கொண்டு வரும்போது கதவு இடிக்கிறது என்று குளோசரின் கையைக் கழற்றிப் போட்டுவிடுவோர் உண்டு. தீத்தடுப்புக் கதவில் அப்படிச் செய்தால், தீ நேரும்போது கதவு திறந்தே கிடக்கும்; அந்தக் கதவை அங்கே வைத்த காரணமே இல்லாமல் போய்விடும்.

தரையில் உரசும் கதவு

கதவை முதலில் மாட்டிவிட்டுப் பின்னர் பழைய ஓட்டின் மேல் புதிய ஓடோ வினைல் பலகையோ பதிப்பது இங்கே புதுப்பிப்புப் பணிகளில் வழக்கமாக நடக்கும் வரிசைத் தவறு. வினைல் சில மி.மீ. தான், ஆனால் கதவின் அடி இடைவெளியும் சில மி.மீ. தானே. கீல்கள் சரியாக இருந்தும் கதவின் அடிவிளிம்பு முழுவதும் உரசினால், அடியை வெட்டுவது தவிர வழியில்லை. தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதுவும் விற்றவரின் வேலை.

கடைசியில், இழைப்பு

மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்து, சான்றுத் தகடு இல்லாத திட மரக்கதவு மட்டும் உரசினால், அப்போதுதான் ஈரப்பதத்தைக் குற்றம் சொல்லலாம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவதும், மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டு அளவுக்கு இறங்குவதும் வழக்கம். மரம் இழைகளுக்குக் குறுக்காகத்தான் வீங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய வளர்வதே இல்லை. ஆகவே ஊறிய கதவு அகலத்தில் பெருத்துப் பக்கவாட்டில்தான் உரசும். மேற்கட்டையில் மட்டும் உரசும் கதவுக்கு மழையைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் டிசம்பர், ஜனவரி ஈரத்தில் உரசும் கதவை அப்போதே தாராளமாக இழைத்தால், பிப்ரவரி வறட்சியில் இடைவெளி அசிங்கமாக அகன்றுவிடும். உரசல் நிற்கும் அளவுக்கு மட்டும் இழையுங்கள்.

கதவைக் கழற்ற இருவர் வேண்டும். பூட்டின் முகத்தகட்டை எடுத்துவிட்டு, பென்சில் குறிக்குள் மட்டும், இழை ஓடும் திசையில், மெல்லிய சுருள் விழும் அளவுக்கு இழைப்புளியைத் தள்ளுங்கள். விளிம்பைச் சதுரமாக விடாமல், நிலைக்குள் முதலில் நுழையும் பக்கம் சற்றுக் குறைவாக இருக்கும்படி, 50 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. என்ற அளவில் சாய்த்து இழைத்தால் கதவு முட்டாமல் உள்ளே வரும். மேல், கீழ் விளிம்புகளை இழைக்கும்போது மூலையிலிருந்து நடுவை நோக்கிச் செல்லுங்கள், இல்லையேல் ஓரச் சட்டம் பிளந்துவிடும். லேமினேட் ஒட்டிய கதவாக இருந்தால் விளிம்பில் பதித்த மெல்லிய மரப்பட்டையின் தடிமன்தான் உங்கள் எல்லை. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பலகை வெளியே தெரியும்.

உப்புத்தாளால் தேய்த்த பின், இழைத்த இடத்துக்கு அன்றைக்கே வார்னிஷோ வண்ணப்பூச்சோ அடிக்க வேண்டும். கதவு கழற்றிக் கிடக்கும்போதே மேல், கீழ் விளிம்புகளையும் பாருங்கள். கண்ணில் படாத இடம் என்று பெரும்பாலான கதவுகளில் அவற்றைப் பூசாமல் விட்டிருப்பார்கள், ஈரம் முதலில் ஏறுவதும் அங்கேதான். மழைச்சாரல் நேரே படும் தரைவீட்டு வாசலில் இரண்டு பூச்சாவது கொடுங்கள்.

வீவக வீடுகளில் புதுப்பிப்புப் பணிகளைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் செய்ய வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் கூடாது. கை இழைப்புளி அண்டைவீட்டாருக்குக் கேட்காது, ஆனால் சுவரைத் துளைக்கும் வேலையை வாரநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தியவரை மீண்டும் அழைக்கும் நிலை வந்தால், “கதவு டைட்டாக இருக்கிறது” என்று மட்டும் செய்தி அனுப்பாமல், நாணயம் நுழையாத இடங்களின் படங்களையும், நிலையில் ரசமட்டம் காட்டும் படத்தையும், எந்தச் சன்னல் திறந்திருந்தபோது எடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றைப் பார்த்தபின் இழைப்புளியோடு மட்டும் வந்து நிற்பது அவருக்கும் கடினமாகிவிடும்.